அதற்கு மேல் வேண்டாம்

மருத்துவரின் பெயர் அம்மான்.
பெண். எனக்கு மாமன் முறையுமில்லை.
ஆனாலும் பீல் நகரத்து ஆஸ்பத்திரியில்
விடியப்புறம் நாலு மணிக்கு
விலாவைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடக்கையில்
"அம்மானே, அம்மானே" என்று
கூப்பிட்டேனாம்.
மறுநாள் தாதி சொல்லிச் சிரித்தாள்.

சிறுநீரகத்தில் கல்.
அரிசியில் வந்திருந்தால்
பொறுக்கி எறிந்துவிட்டு உலை வைத்திருப்பேன்.

பத்துக்குள் ஓர் எண் சொல்லச் சொன்னார்கள்.
பதின்மூன்று வருடமாக
இதே கேள்வியை மற்றவர்களிடம் தமிழில் கேட்பவள் நான்.
மணிக்கணக்கில் சம்பளம், ரயில் காசு தனி.
உளையுது என்பார்கள். கடுக்குது என்பார்கள்.
விண்விண்ணெண்டு தெறிக்குது பிள்ளை,
உள்ளுக்கை ஆரோ எறும்புப் புத்தைக் கிளறிவிட்ட மாதிரி.
எல்லாவற்றையும் வாங்கி
ஆறு என்றோ ஏழு என்றோ
ஜெர்மனில் திருப்பிக் கொடுத்திருக்கிறேன்.
பீல் என்றும் பியென் என்றும்
தனக்கு இரண்டு பெயர் வைத்துக்கொண்ட ஊர்
எங்கள் நோவுக்கு எண் போட்டது.
போட்டுக் கொடுத்தது நான்.

என் முறை வந்தபோது எண் வரவில்லை.
"ஐயோ" வந்தது.
அதற்குப் படிவத்தில் கட்டம் கிடையாது.

ஐந்து சிறு குப்பிகள் தந்தாள் அம்மான்.
நாளுக்கு ஒன்று, மிச்சமிருந்தாலும் எறி.
அண்ணாந்து பார்க்காதே, சற்றே முன்குனி.
வேறு வலிமாத்திரை சேர்க்காதே, தண்ணீர் குடி.
கூடினால் சிறுநீரகத்துக்கே கெடுதி.
ஐந்து நாள். அதற்கு மேல் வேண்டாம்.

மூக்குத்தி இல்லாத பக்கம் முதலில்.
சுள்ளென்றது. கண் கலங்கியது.
தொண்டைக்குள் தகரக் கசப்பொன்று
மெல்ல இறங்கியது.
அரை மணியில் வலி
பக்கத்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டது.
மூச்சு விடுவது மட்டும் கேட்டது.

நான் கடைக்குப் போய் ஒரு வடி வாங்கினேன்,
கல் விழுந்தால் பிடிப்பதற்கு.
தேத்தண்ணி வடியோடு மாறிப்போகாதிருக்கக்
கைப்பிடியில் சிவப்பு நூல்.

மூன்றாம் நாள், தொலைபேசியில் வேலை.
சுகிர்தன், தார் போடுகிறவன், இடுப்பு.
"அக்கா, ஈரச்சாக்கை
முறுக்கிப் பிழியிற மாதிரிக் கிடக்கு" என்றான்.
ஏழு என்று சொல்ல வாயெடுத்தேன்.
மூக்கின் அடியில் கசப்பு.
அப்படியே சொன்னேன்:
அவருடைய இடுப்புக்குள் யாரோ
ஈரச்சாக்கு பிழிகிறார்கள்.
மறுமுனையில் தட்டச்சு நின்றது.
"எந்தப் பக்கமாக முறுக்குகிறார்கள்?"
என்று கேட்டார் அந்த மருத்துவர்,
உண்மையாகவே.
சுகிர்தன் யோசித்தான்.
இடப்பக்கமாக, என்றான்.

ஐந்தாம் குப்பியில் பாதிக்கு மேல் மிச்சம்.
இரவு முழுக்க மேசையில் வைத்திருந்தேன்.
கல் இன்னும் வரவில்லை.
ஆறாம் நாள் காலை, ஏரிப்பக்கம் மூடுபனி,
குப்பியைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு
வீட்டுப் படியில் ஏறும்போது
பக்கத்து அறையின் கதவு திறந்தது.

நின்றேன். கைப்பிடியைப் பற்றிக்கொண்டேன்.
வந்திருப்பது எது என்று பார்த்தேன்.
உளைவு.
கடுப்பாக இல்லை, உளைவுதான்.
பின்விலாவில் தொடங்கி
முன்னே வரப் பார்க்கிறது.
இன்னும் ஒன்பது படி.