கால் சுற்று

இந்த மேசினுக்கு ஸ்டியரிங் கிடையாது.
இரண்டு லீவர்கள்தான்,
மடிக்கு இருபுறமும் நாற்காலிக் கைபோல.
இரண்டையும் ஒன்றாகத் தள்ளினால்
நேரே போகவேண்டும்.
போகாது.

பாயான் லெப்பாஸ், சிப் கம்பெனி முன்புல்வெளி.
ஏழு மாதமாக
வலப்பக்கமே ஒதுங்குகிறது,
கடன் கொடுத்தவனை எதிரே கண்டவன் மாதிரி.

ராத்திரி ஷிப்ட் முடிந்து
பஸ்ஸுக்கு நிற்கும் பெண்கள்
புல்லில் நான் போட்ட கோட்டைப் பார்ப்பார்கள்.
"அக்கா, நாங்கதான் தூங்கல,
நீங்களுமா?" என்றாள் ஒருத்தி,
மாஸ்க்கை இறக்கி.

சூப்பர்வைசர் குலவீரனிடம் சொன்னேன்.
"ரோஸாக் ஆகலியே, ஓடுதுல்ல?"
ஓடுகிறது.
எந்தப் பக்கம் என்று அவர் கேட்கவில்லை.

நேற்று மழை. ஈரப்புல்லை அறுக்கக்கூடாது.
ஷெட்டில் சாக்கை விரித்து உட்கார்ந்தேன்.
முதலில் டயர்.
வலது பின்சக்கரத்தில் காற்று பாதிதான்.
அடித்தேன். கொஞ்சம் திருந்தியது.
லீவர் மூட்டில் காய்ந்த புல், மண், பழைய கிரீஸ்
மூன்றும் சேர்ந்து அல்வாப் பதம்.
பழைய டூத்பிரஷால் சுரண்டி
புது கிரீஸ் ஏற்றினேன்.
கிறீச்சென்ற சத்தம் நின்றது, சாய்வு நிற்கவில்லை.

இடது லீவர் போய் முட்டும் இடத்தில்
ஒரு போல்ட்,
அதற்குக் காவலாய் ஒரு நட்.
காவலைத் தளர்த்தி
போல்ட்டைக் கால் சுற்று.
சிமெண்டுத் தரையில் ஓட்டிப் பார்த்தேன்.
இன்னும் கால் சுற்று.
பொறுமையில்லாமல் அரைச் சுற்று திருகினால்
மறுபக்கம் இழுக்கும்.
எப்படித் தெரியும் என்றால், திருகினேன்.
திரும்ப வந்து கால் சுற்று.

ரஃபீகுல் அந்தக் கோடியில்
ஆரஞ்சுக் கூம்பை வைத்தான்.
ஒரே உச்சத்துக்கு இரண்டு லீவரையும் தள்ளி
கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.
போய்க் கூம்பின் வயிற்றிலேயே இடித்தது.
அவன் குதித்த குதியில் கோப்பி கவிழ்ந்தது.
நட்டை இறுக்கினேன்.

இன்று வெயில்.
முதல் கோடு
இடப்பக்கம் வளைந்தது.

இறங்கினேன். போல்ட் அசையவில்லை.
நட் இறுக்கம். காற்று சமம்.
போல்ட்டையும் நட்டையும்
நன்றாகத் திட்டிவிட்டு ஏறினேன்.
அப்போதுதான் கண்ணில் பட்டது என் இடது கை.
யாரும் சொல்லாமல்
அரை விரல் அளவு
பின்னுக்கு இழுத்துப் பிடித்திருந்தது.

ஏழு மாதமாக அதற்கு அதுதான் வேலை.
மேசின் சரியான சேதி
இன்னும் போய்ச் சேரவில்லை.

தலைக்குமேல் ஒரு விமானம் தாழ்ந்து
ஓடுபாதைக்கு மூக்கைத் திருத்திக்கொண்டு போனது.
விரல்களை ஒவ்வொன்றாய் விட்டேன்.
விட்ட விரல்
இரண்டு நிமிடத்தில் திரும்ப வந்து ஒட்டிக்கொண்டது.

பத்துக் கோட்டில் ஆறு நேர்.
பஸ் நிறுத்தத்தில் அதே பெண்
கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள்.
மீதி நாலும் அவள் பக்கமில்லை.
இருக்கட்டும்,
புல் ஒரு வாரத்தில் வளர்ந்துவிடும்.