காலி வண்டி எடை

சான்றிதழ்ப் பிரிவில் ஆள் இல்லை.
"சாப்பிட்டுட்டு வாங்க" என்றது
நாற்காலியில் மாட்டியிருந்த துண்டு.
ஜெபகனியை ஜெயகனி ஆக்கிவிட்டார்கள்.
மனைவியின் பெயரில் ஓர் எழுத்து,
அதற்கு என் ஒருநாள் சம்பளம்.

பேட்டை தாண்டி இந்தப் பொட்டலில்
மத்தியானம் ஒதுங்க மரம் குறைவு.
திறந்திருந்த ஒரே கதவில்
நிலவியல் அருங்காட்சியகம் என்றிருந்தது.
உள்ளே மின்விசிறி ஓடியது. போதும்.

இசக்கியம்மாள் நோட்டை நீட்டினாள்.
எனக்கு முந்தின கையெழுத்து
போன மாசி மாசத்தது.
தொழில் என்ற கட்டத்தில்
எடைமேடை, தாழையூத்து என்று எழுதினேன்.
"அங்ஙன பாக்காத கல்லா இங்ஙன?"

பதில் இல்லை என்னிடம்.
இருபத்திரண்டு வருஷமாய்
கல் என்பது தார்ப்பாய்க்குக் கீழே இருப்பது.
காலியாய் வரும்போது ஓர் எண்,
நிறைந்து போகும்போது ஓர் எண்,
கழித்தால் கல்.
முகம் பார்த்ததில்லை.

இங்கே ஒவ்வொன்றும் பஞ்சின்மேல் படுத்திருக்கிறது
தலைமாட்டில் அட்டையோடு.
குப்பியில் தேரிமணல்,
மிளகாய்த்தூள் என்றே நினைத்தேன்.
பக்கத்தில் கைக்கு அடக்கமாய்
சுண்ணாம்புக்கல், தாழையூத்து.

அட, நீயா.
கண்ணாடியில் நெற்றி இடித்தது.
நேற்று ராத்திரிகூட உன் வகையறாவை
நாற்பது நாற்பது டன்னாக அனுப்பினேனே.
உடைந்த பக்கம்
கற்கண்டுபோல் மினுங்குமா உனக்கு?

"கண்ணாடியத் தொடாதேயும்."
விரல் பட்ட இடத்தில்
சாம்பல் நிறத்தில் ஐந்து தடம்.
குளித்துவிட்டுத்தான் வந்தேன்.
ஈரத்துணியால் துடைத்தாள்,
துணியைப் பார்த்தாள்,
ஒன்றும் சொல்லவில்லை.

கடைசி மேசையில் சுருண்டு கிடந்ததை
ஆட்டுக்கொம்பு என்றேன்.
அட்டையில் அரியலூர், பத்துக் கோடி ஆண்டு.
"கடல்ல கெடந்ததுவே.
கணவாய்க்குச் சித்தப்பன் முறையாம்.
சீவன் போனபெறவு கூட்டுக்குள்ள சேறு ஏறி
அதுவே கல்லாயிட்டுன்னு சார் சொல்லுவாரு."

இதை எடை போட்டிருக்கிறீர்களா?
வாய்ப்பழக்கம், கேட்டுவிட்டேன்.
வாசலை ஒருதரம் பார்த்துவிட்டு
மூடியைத் திறந்து என் கையில் வைத்தாள்.
எழுநூற்றைம்பது கிராம் என்றேன்.

ஆய்வுக்கூடத் தராசு
எழுநூற்று நாற்பத்திரண்டு என்றது.
"ஆத்தாடி!"
பத்துக் கோடி ஆண்டுக்கு
அவள் இப்படி வாய் பிளக்கவில்லை.
எனக்கும் கொஞ்சம் பெருமைதான்.

சரி, இது மொத்த எடை.
உயிர் இறங்கிப்போன அன்று
காலிக் கூடு எவ்வளவு இருந்திருக்கும்?
அந்த ரசீதைப் போட ஆள் இல்லை.
கழிக்காமலே நிற்கிறது கணக்கு.

மணி இரண்டரை.
துண்டு இருந்த நாற்காலிக்கு ஆள் வந்திருப்பார்,
யவைப் ப ஆக்க வேண்டும்.
வெளியேறும் நேரத்தை எழுதும்போது
இருமல் வந்தது, வறட்டு இருமல், நிற்கவில்லை.
இசக்கியம்மாள் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் தள்ளினாள்.
"நீரு எத்தன கிலோவே இருப்பீரு?"

வேலைக்குச் சேர்ந்த அன்று
விளையாட்டாய் மேடையில் ஏறி நின்றிருக்கிறேன்.
அறுபது காட்டியது.
ரசீதும் அடித்துக் கொடுத்தார்கள்,
வண்டி எண்ணுக்கான இடம் வெறுமையாக.