எங்கிருந்து

விடை பூஜ்யம் என்று வந்தது.
ஒரு வரிகூட இல்லை.
விர்ட்சு படகுத்துறை அலுவலகத்தில்
காத்ரே அதை அச்செடுத்து
(வெற்றுத்தாள்தான், மேலே பத்திகளின் தலைப்பு மட்டும்)
மேசைமேல் வைத்தாள்.
"இரண்டு மணி முதல் மூன்று வரை
வாயிற்கதவை யாரும் தொடவில்லை.
ஆம்புலன்ஸ் பதினோரு நிமிடம் நின்றிருக்கிறது.
வாம்போலா தூங்கிவிட்டார்."

லீலோ இன்னும் கோட்டைக் கழற்றவில்லை.
அவள் காலணிப் பனி
தரையில் குட்டையாகிக்கொண்டிருந்தது.
"எங்கிருந்து கேட்டாய்?" என்றாள்.

என்ன கேட்டாய் என்றல்ல.
அதை எல்லோரும் கவனமாகத்தான் எழுதுகிறார்கள்:
எந்தப் பத்தி, எந்த நேரம்,
எதற்கு மேல், எதற்குக் கீழ், எந்த வரிசையில்.
எங்கிருந்து என்னும் இடத்தில் மட்டும்
போன வாரம் எழுதியதை ஒட்டிவிடுகிறார்கள்.
பயந்தவர்களோ துறை முழுவதையும் போட்டுவிடுவார்கள்;
சர்வர் விடியும்வரை மூச்சு வாங்கும்.

வினவல் மொழியில் அந்தச் சொல்
கோப்பின் பெயருக்கு முன்னால் நிற்கிறது,
வாசலில் சீட்டுக் கிழிப்பவனைப் போல.
லீலோ பேசும் எஸ்டோனிய மொழியில் பின்னால் ஒட்டிக்கொள்ளும்.
அதிலும் பெட்டிக்குள்ளிருந்து எடுத்தால் ஒரு விகுதி,
பெட்டியின் மேலிருந்து எடுத்தால் வேறொன்று.
உள்ளே கைவிட்டாயா, மேலாகத் தடவினாயா,
அங்கே மறைக்க முடியாது.
நமக்கு ஐந்தாம் வேற்றுமை.
'இருந்து' என்கிறோம்.
அசலில் அது ஒரு வினையெச்சம்:
அங்கே இருந்து, பிறகு வந்தது.
இல்லாத இடத்திலிருந்து
தமிழில் எதுவும் வர முடியாது.

காத்ரே கேட்டிருந்த இடம்:
சீட்டு சர்வர், வாயில் அடைவு,
நட்சத்திரக்குறி, புள்ளி, லாக்.
நட்சத்திரம் எல்லாவற்றையும் அள்ளிவிடும் என்று நினைப்போம்.
அது அந்தத் தளத்தில் மட்டும் நடக்கும்.
இறங்கு என்று தனியே சொன்னாலொழிய
படியில் கால்வைக்காது.
நவம்பரில் யாரோ உள்ளே இன்னோர் அடைவு திறந்து
'புதியது' என்று பெயரிட்டுப் போயிருந்தார்.
அந்த யாரோ லீலோதான்.
அதைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தாள்.

இறங்கினாள்.
அங்கே கார் எண்கள் இருந்தன,
ரத்தான சீட்டுகள், ஒரு நாய்க்கான கட்டணம்.
கதவு இல்லை.

காற்புள்ளி போட்டாள்.
காற்புள்ளிக்கு அப்பால் வேறோர் இயந்திரத்தின் பெயர்:
துருப்பிடித்த கம்பத்தில்
கதவின் மோட்டாரோடு தொங்கும் பழைய பெட்டி.
அதன் கடிகாரம் கிரீன்விச்சை விட்டு வந்ததே இல்லை;
இங்கே இரண்டு அடித்தால் அதற்கு நள்ளிரவு.
பாஸ்வேர்ட் கேட்டது. கொடுத்தாள்.
மறுபடி கேட்டது. விரல் விறைத்திருந்தது.
கொடுத்தாள்.

00:41 திற. மறுப்பு, பனிக்கட்டி.
00:41 திற. மறுப்பு, பனிக்கட்டி.
00:42 திற.
பத்தொன்பது வரிகள்.
ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையே
பத்து நொடி, இருபது நொடி,
ஓரிடத்தில் மூன்று நிமிடம்.
அந்த மூன்று நிமிடம் அவர் என்ன செய்தார் என்பதற்கு
மூலம் இல்லை.
எத்தனை காற்புள்ளி போட்டாலும்.
பிறகு ஒரே வரி:
00:52 மோட்டார் துண்டிப்பு. கைமுறை.

காத்ரே திரையை இரண்டுமுறை படித்தாள்.
"அறிக்கையில் மூலம் என்று ஒரு கட்டம் இருக்கிறது," என்றாள்.
"அதில் என்ன எழுத?"
லீலோ முழுப்பாதையையும் எழுதினாள்,
இயந்திரம், அடைவு, உள்ளடைவு, காற்புள்ளி,
கம்பத்துப் பெட்டி, அதன் நேரம்.
கட்டத்துக்குள் அடங்காமல்
கையெழுத்துக்கு விட்ட இடம்வரை போயிற்று.

வெளியே வாம்போலா சரிவில் உப்புத் தூவிக்கொண்டிருந்தார்.
தன்மேல் ஒரு விசாரணை நடந்ததே அவருக்குத் தெரியாது.
லீலோவைப் பார்த்துத் தலையசைத்தார்.
இடது கையால்தான் தூவினார்.

அன்றிரவு, பெட்டியின் பன்னிரண்டுக்கு,
ஒரு புதிய கோப்பு தானாகத் திறந்துகொண்டது.
பூஜ்யம் பைட்.
அதிலிருந்து எதுவும் கேட்க முடியாது இப்போது.
முதலில் அது கொஞ்சம் இருக்கவேண்டும்.