மடித்து வைத்த நாலு வரி

புதன்கிழமை ஆறாவது பீரியடு.
ஓவிய சார் பகுதிநேரம்,
செவ்வாயோடு அவருடைய வாரம் முடிந்துவிடும்.
ஏழு ‘பி’ சும்மா கிடக்கு, போய் உட்காருங்க
என்று அனுப்பினார்கள் கணக்கு டீச்சரை.

அலமாரியில் ஒரு கலர் ஜெராக்ஸ் கிடைத்தது.
ஏதோ கோபுரத்தின் உள்சுவர்.
கப்பல். கப்பலில் குதிரைகள்.
அடியில் இருந்த நாலு வரி விளக்கத்தைப்
பின்பக்கம் மடித்து ஸ்டேப்ளர் அடித்தேன்.
நானும் படிக்கவில்லை,
படித்தால் என் முகம் காட்டிக்கொடுத்துவிடும்.

ஒரு நிமிஷம் யாரும் பேசக்கூடாது, பார்க்கணும்.
முக்கூடலில் ஒரு நிமிஷம் ரொம்ப நீளம்,
இவர்கள் வீட்டில் அதற்குள்
ரெண்டு பீடி சுற்றி முடித்திருப்பார்கள்.

சரி, இதுல என்ன நடக்குது?

“சண்டைக்குப் போறாங்க” என்றான் ஐகோர்ட் ராஜா.
எதைப் பார்த்துச் சொல்லுத?
“குதிரை நிக்கில்லா.”
பிறகு எழுந்து வந்து, படத்தில் மூக்கு இடிக்க,
“ஆனா ஈட்டியக் காணும் டீச்சர்.”
தன் சண்டையைத் தானே எடுத்துக்கொண்டு
போய் உட்கார்ந்தான், சிரித்தபடி.
பதினோரு வருஷ சர்வீஸில்
விடையை அழித்துவிட்டுச் சிரித்த பிள்ளையை
அன்றைக்குத்தான் பார்த்தேன்.

வேற என்ன தெரியுது?

“விக்கக் கொண்டு போறாங்க.
மேலப்பாளையம் சந்தைக்கு வண்டியில ஏத்துன ஆடு
இப்பிடித்தான் நிக்கும், நெருக்கிக்கிட்டு.”
ரஹ்மத் நிஷாவின் மாமா ஆட்டு வியாபாரி.

“வரைஞ்ச ஆளு கடலையே பாத்ததில்ல.”
இது ஜெபக்கனி, உவரியிலிருந்து வந்து சேர்ந்தவள்.
ஏய், எப்பிடிச் சொல்லுத?
“அலை எல்லாம் ஒரே மட்டத்துக்கு இருக்கு,
ஆத்துத் தண்ணி மாதிரி.
மீனப் பாருங்க, கெண்ட.
கடல்ல ஏது கெண்ட?”
வகுப்பே ஜன்னல் பக்கம் திரும்பியது,
தென்னைகளுக்குப் பின்னால்
தாமிரபரணி இருக்கும் திசைக்கு.

என் கை சாக்பீஸைத் தேடியது,
சரி என்று ஒரு டிக் போட.
பழக்கம்.
சேலை மடிப்பில் அதைப் பிடித்துவைத்துக்கொண்டேன்.

கடைசி பெஞ்சில் முப்பிடாதி.
அவள் குரல் எனக்கு வருகைப் பதிவேட்டில் மட்டும் பழக்கம்.
இல்லாத நூலை விரல்கள் சுற்றிக்கொண்டே இருக்க,
“கடேசிக் குதிர மட்டும் திரும்பிப் பாக்குது” என்றாள்.
எதைப் பார்த்து?
“கழுத்து.”
கொஞ்சம் பொறுத்து,
“கண்ணு இருந்த எடத்துல சுண்ணாம்பு பேந்துட்டு.
எதப் பாக்குதுன்னு தெரியல.”

அப்புறம் நான் ஒன்றும் கேட்கவில்லை.
கரையை என்றான் ஒருவன்.
அம்மாவை என்றாள் ஒருத்தி.
தண்ணித் தொட்டியை, கூட வராத குதிரையை,
வரைஞ்சவனை, நம்மளை.
ஆளாளுக்கு ஓடிவந்து கழுத்தின் வளைவை
விரலால் அளந்தார்கள்.
“கரைன்னா இன்னும் திரும்பணும்ல” என்று சண்டை.
ஜன்னலில் எட்டிப்பார்த்த தலைமையாசிரியர்
“முடிவா என்னதான் சொன்னீங்க?” என்றார்.
இன்னும் முடிக்கல சார்.

மணி அடித்தது. மடிப்புக்குள் என்ன இருக்கு என்று
ஒரு பிள்ளையும் கேட்கவில்லை.
எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

ரெண்டு வாரம் கழித்து அலகுத் தேர்வு.
சரியான விடையைத் தேர்ந்தெடு:
முக்கோணத்தின் மூன்று கோணங்களின் கூடுதல்?
முப்பிடாதி 180-ஐ வட்டமிட்டிருந்தாள்.
பக்கத்தில் பென்சிலால், சின்னதாக,
‘எதப் பாத்து?’

விடைக்கு ஒரு மார்க் போட்டேன்.
கேள்விக்கு மார்க் போடக் கட்டம் இல்லை.
ஸ்டாஃப் ரூமில் யாரும் இல்லாத நேரம்
பழைய சுற்றறிக்கை ஒன்றில் முக்கோணம் வெட்டி,
மூணு மூலையையும் கிழித்து,
மேஜையில் சேர்த்துவைத்துப் பார்த்தேன்.
பதினோரு வருஷமாகச் சொல்லிவந்தது,
முதல் தடவையாக.

கோடு கொஞ்சம் கோணலாகத்தான் வந்தது.
நாளைக்கு அவளிடம் கொடுத்துப்
பார்க்கச் சொல்லணும்.