வீடு நகர்ந்த நாள்

கடல் இந்த முறை உருளைக்கிழங்குப் பாத்திவரை வந்துவிட்டது.
போன குளிரில் கோழிக்கூட்டைத் தின்றது,
அதற்கு முந்தைய குளிரில் வேலியை.
இனி என் சமையலறைதான் மிச்சம், ஆண்டவரே,
உமக்குத் தெரியாததா.

சிலோவே தீவில் நாங்கள் வீட்டை இடிப்பதில்லை.
அடியில் மரத்தண்டுகளைச் செருகி,
எருதுகளைப் பூட்டி, ஊரே சேர்ந்து
கூரையோடு, அடுப்போடு, சுவரில் தொங்கும் படத்தோடு
இழுத்துப்போய் வேறிடத்தில் வைப்போம்.
கூலி கிடையாது. இறைச்சியும் ஆப்பிள் மதுவும் போதும்.
கேட்டால் வரவேண்டும், அது வழக்கம்.
வாய்விட்டுக் கேட்கவேண்டும், அதுவும் வழக்கம்.

நான் உம்மிடம் மட்டும்தான் கேட்டேன்.
பலகைக் கோயிலில், முட்டி வலிக்க வலிக்க:
எருதுகளை அனுப்பும்.
ரொசாமெல் கினேயோவின் எருதுகளைத் தவிர
எதை வேண்டுமானாலும் அனுப்பும்.

உம்மையே நம்பியிருக்கிறேன் என்று
வாய் சொல்லிக்கொண்டிருந்தது.
கைக்குள் பட்டியல் இருந்தது.

பதினோரு வருடம்.
என் புருஷன் எலியேசரின் பெட்டியைத் தூக்கி வந்தபோது
அவன் நிலத்துப் பாதையில் முள்கம்பி கட்டியிருந்தது.
இரண்டு முழ எல்லைத் தகராறு.
யார் பக்கம் நியாயம் என்று இப்போது சொன்னாலும் சண்டை வரும்.
தூக்கியவர்கள் சதுப்பைச் சுற்றி நடந்தார்கள்.
முழங்கால் சேற்றில் பெட்டி ஒருமுறை சாய்ந்தது.
உள்ளே அவர் உருண்ட சத்தம்
எனக்குக் கேட்டது.

அந்தச் சத்தத்தை வைத்துக்கொண்டுதான்
தினமும் ஜெபித்தேன்.
அவனைக் கவனித்துக்கொள்ளும் என்பேன்.
எந்த அர்த்தத்தில் என்று உமக்குத் தெரியும்.

ஊரில் பாதிப்பேர் எருதை விற்று டிராக்டர் வாங்கிவிட்டார்கள்.
டிராக்டர் இந்தச் சரிவில் வழுக்கும்.
பார்ரியாவிடம் ஒரு ஜோடி, இரண்டும் கிழடு.
மேட்டுக்கு ஒரே பாதை,
அந்தக் கம்பியைத் தாண்டித்தான்.

வியாழன் இரவு அலை படிக்கட்டைத் தட்டியது.
விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.
'தவிர' என்ற சொல்லை மட்டும்
வாயிலிருந்து எடுத்துக் கீழே வைத்தேன்,
உடைந்த பல்லைப் போல.
அவ்வளவுதான் செய்தேன்.
அதற்கே விடிந்துவிட்டது.

அவன் வாசலுக்கு நானே போனேன்.
"நாளைக்கு வீடு இழுக்கிறோம்."
முகத்தைப் பார்க்கவில்லை,
எருதின் கொம்பைப் பார்த்துச் சொன்னேன்.
வெகுநேரம் அவன் பேசவில்லை.
பிறகு உள்ளே போய்க்
கம்பி வெட்டும் குறடோடு வந்தான்.

மறுநாள் மழை. முப்பது பேர், மூன்று ஜோடி எருது.
வீடு முனகிக்கொண்டே நடந்தது,
புகைபோக்கியில் புகைகூட நிற்கவில்லை.
சதுப்போரத்தில் ஒருபக்கம் சாய,
உள்ளே ஏதோ பாத்திரம் உருண்டது.
அதே சத்தம்.
ரொசாமெல் கையைத் தூக்கி எருதுகளை நிறுத்தினான்.
தொப்பியைக் கழற்றினான். யாரும் சொல்லவில்லை.
நனைந்த தலை முழுக்க நரை.
நான் தினமும் உம்மிடம் காட்டிக்கொடுத்தவனுக்கு
முடி கறுப்பாயிற்றே.

சாப்பாட்டை அவனுக்கு முதலில் வைக்கவில்லை.
கடைசியிலும் இல்லை.

வீட்டைத்தான் நகர்த்தக் கேட்டேன், ஆண்டவரே.
மற்றதில் கைவைக்க யார் சொன்னது?
முழுசாகப் போய்விட்டது என்றால் பொய்.
சில இரவுகளில் என் கோபம் எழுந்து
பழைய இடத்துக்குப் போய்த் தேடுகிறது.
அங்கே வீடு இல்லை.

இழுத்ததில் நிலை கோணிவிட்டது.
முன்கதவு இப்போது முழுசாகச் சாத்துவதில்லை.
சரிசெய்ய வரட்டுமா என்று தச்சன் கேட்டான்.
மழை விடட்டும் என்றேன்.
இந்தத் தீவில்
மழை எப்போது விட்டிருக்கிறது.