வெள்ளை, சிவப்பு, வெள்ளை

மூன்று கோடுகள்.
ஒவ்வொன்றும் இரண்டு விரல் அகலம்.
பெஸ்கிடி மலைக்காட்டில் பதினொரு கிலோமீட்டருக்கு
இதுதான் என் கையெழுத்து.
மூன்று வருடத்துக்கு ஒருமுறை
பெயின்ட் டப்பாவோடு வருவேன்.
மற்ற நாட்களில் சும்மா வருவேன்.

ஏப்ரலில் காட்டுப்பூண்டு.
மிதித்த இடமெல்லாம் சமையலறை.
மழை விட்டதும் ஒரு சாலமண்டர்
கறுப்பு முதுகில் மஞ்சள் தெறிக்க
பாதையைக் கடக்கிறது, மெல்ல.
அதற்கும் யாரோ குறி போட்டிருக்கிறார்கள்,
அளவு பார்க்காமல்.

பீச் மரம் பெருத்தால் கோடும் பெருக்கும்.
எனக்கு முன்னால் இந்தப் பாதையைப் பார்த்துக்கொண்ட
விலாஸ்திமில் போட்ட சிவப்பு
இன்று இரண்டு கை அகலம்,
பிரசவத் தழும்புபோல் வெடித்து.
அதன்மேல் தீட்ட மனம் வராமல்
பக்கத்து மரத்துக்குப் போகிறேன்.

ஜூலையில் நாக்கு நீலமாகிப்போன ஒரு சிறுமி,
கையில் பாதி காலியான பெர்ரிக் குவளை,
"இந்தக் கோடு மரத்திலேயே முளைக்குமா?" என்றாள்.
ஆமாம் என்றேன்.

ஆகஸ்டில் ஸ்ப்ரூஸ் மரத்தின் பட்டை
தானாகக் கழன்று கையோடு வந்தது.
உள்ளே வண்டு எழுதியிருந்தது:
நடுவில் ஒரு தாய்க்கோடு,
இருபுறமும் பிள்ளைக்கோடுகள்.
என் கையைவிடச் சுத்தமான எழுத்து.

அக்டோபரில் ரம்பம் வந்தது.
ஒரு சரிவு முழுக்க வானம்.
சாலையோரம் அடுக்கிய கட்டைகளில்
என் குறி ஒன்று படுத்துக் கிடந்தது,
கோடுகள் நெட்டுக்குத்தாக,
லாரி வரும் திசையைக் காட்டி.
மூடுபனிக்குள்ளிருந்து இருவர் வந்தார்கள்.
"சிவப்பு எங்கே போகிறது?"
இத்தனை வருடத்தில் முதன்முறையாக
வாயால் வழி சொன்னேன்.
தப்பாகவும் சொன்னேன்.
பின்னாலேயே ஓடித் திருத்த வேண்டியதாயிற்று.

பனியில் பெயின்ட் பிடிக்காது.
ஜனவரியில் டப்பா வீட்டில், நான் இங்கே,
முழங்கால்வரை வெண்மை.
மரமும் குறியும் இல்லாத அந்தச் சரிவில்
ஒரு நரியின் காலடிகள்
பழைய பாதை திரும்பிய இடத்தில் திரும்பி,
குனிந்த இடத்தில் குனிந்து,
பழைய ஓடை வரைக்கும்.

மே மாதம் அங்கே
மணிக்கட்டுத் தடிமனில் ஒரு ரோவன் கன்று.
கோடு போட்டால் வளையலாகிவிடும்.
பக்கத்தில் ஒரு பாறை இருந்தது.
கம்பித் தூரிகையால் பாசியைத் தேய்த்து
வெள்ளை, சிவப்பு, வெள்ளை.
ஈரம் காய்வதற்குள் ஓர் எறும்பு
நடுக்கோட்டில் இறங்கியது.
விரலால் தடுத்துப் பார்த்தேன்.
சுற்றிக்கொண்டு போனது,
பாறையின் மறுபக்கம்,
சிவந்த கால்களோடு.