வினிகர் வெள்ளை

ஜனவரி. குன்னூர்ப் பள்ளத்தில்
தேயிலை மேல் உப்புக் கொட்டியதுபோல் உறைபனி.
வெயில் வருமுன் தண்ணீர் அடிக்க வேண்டும்,
இல்லையென்றால் இலை கருகும்.
பனி எரித்தது என்று எழுதாமல்
வெயில் எரித்தது என்றே எழுதுவார்
எஸ்டேட் கணக்குப்பிள்ளை.

அதே வேளையில் ஆஸ்பத்திரியில்
நர்ஸ் ஜெபராணி பஞ்சில் வினிகர் நனைத்து
ஒரு நிமிஷம் வைத்து எடுத்தாள்.
தெய்வயானையின் கருப்பை வாயில்
மெல்ல ஏறியது ஒரு வெள்ளை,
ஓரம் கூர்மையாக.
தொட்டதும் ரத்தம்.

எனக்கு வந்தது கண்ணாடித் துண்டு மட்டும்.
எண் இருநூற்றுப் பதினேழு.
வயது ஐம்பத்திரண்டு. தொழில்: கொழுந்து பறித்தல்.
பிறந்த ஊர்க் கட்டத்தில்
யாரோ ஹட்டன் என்று எழுதி, அடித்து,
நீலகிரி என்று திருத்தியிருந்தார்கள்.

லென்ஸைத் திருகினேன்.
உட்கருவைச் சுற்றி ஒரு வெற்று வளையம்.
யாரோ குடியிருந்து காலி செய்த வீடு
என்று நினைத்தால் தப்பு.
காலி செய்யவில்லை.

பத்துப் பதினைந்து வருஷம் முன்னால் வந்திருக்கும்.
பெரும்பாலும் ஓரிரு ஆண்டில் உடம்பே துரத்திவிடும்.
இந்த வைரஸ் தங்கிவிட்டது.
பழுதென்றால் நில், ஆகாதென்றால் செத்துப்போ
என்று செல்லுக்குச் சொல்லும் புரதத்தைப் பிடித்துக்
குப்பைக்கு அனுப்பியது முதலில்.
பி ஐம்பத்து மூன்று என்று அதற்குப் பெயர்.
அவ்வளவு பெரிய வேலைக்கு
எவ்வளவு வறண்ட பெயர்.

மற்றவை வேலையை நிறுத்தவில்லை.
சூட்டில் குலைந்த புரதங்களை
நீவி நீவி மடித்துக் கொடுப்பவை,
பஞ்சம் வந்தால் வீட்டுச் சாமானையே தின்று
அன்றைய பொழுதை ஓட்டுபவை,
மூச்சு முட்டினால்
அரை மூச்சில் பிழைக்கத் தெரிந்தவை.
எல்லாம் விசுவாசிகள்.
தோட்டம் கை மாறியது தெரியாமல்
அதே சிரத்தையோடு
கட்டியைக் காப்பாற்றிக்கொண்டிருக்கின்றன.

ஜன்னலுக்குப் போய் நின்றேன்.
தேயிலை ஒரு மரம். விட்டால் கூரையைத் தாண்டும்.
இடுப்பளவில் நிறுத்தி வைத்து,
கிள்ளக் கிள்ள அது பதறித் தளிர்ப்பதை
கொழுந்து என்று எடை போடுகிறோம்.

ரெண்டு வருஷமா ரத்தம் படுதே, ஏம்மா வரல?
ஜெபராணி கேட்டதற்கு
சீசன்ல எப்பிடி வர்றது, தாங்கிக்கிட்டேன்
என்றாளாம்.
சொல்லும்போது லேசாய் ஒரு பெருமை இருந்ததாம்.

அந்தச் சொல்மேல் எனக்குக் கோபம் வந்தது.
முப்பத்தேழு வருஷமாய்ச்
சம்பளக் கவருக்குள் மடித்து வைத்து
அவளுக்குக் கொடுத்த சொல்.
அவள் தாங்கினாள்.
அவளுக்குள் அதுவும் தாங்கியது.
கோவையில் கதிர் வைத்தால்
அந்த நீவும் கைகள் இன்னும் வேகமாய் நீவுமாம்.
படித்திருக்கிறேன்.
முதல்முறையாக ஒரு உயிரணுவைப் பார்த்து
தாங்காதே என்று வேண்டிக்கொண்டேன்.

சீட்டு வாங்க அவளே வந்தாள்.
கம்பளித் தொப்பி, கையில் கொழுந்துக் கறை.
நான் எதையோ சொல்லத் தொடங்கினேன்.
அவள் மேஜை மேலிருந்த
அயோடின் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதத்தான எனக்கும் தடவுனாங்க?
கவாத்துக்கு முன்ன வேர வெட்டி
இதே மருந்தத்தான் வச்சுப் பாப்பாங்க சார்.
கறுத்தா வேருல மாவு இருக்குன்னு அர்த்தம்,
வெட்டலாம், செடி தாங்கும்.
கறுக்கலேன்னா கத்தி வைக்கக்கூடாது.

அவள் சொன்னபோது
அது வேறு சொல்லாக இருந்தது.

எனக்குக் கறுத்துச்சா?

ஜெபராணியின் குறிப்பைப் புரட்டினேன்.
நடுவில் இல்லம்மா. மஞ்சளாவே நின்னுடுச்சு.
சுத்தியும் நிறம் ஏறியிருக்கு.
கறுப்புன்னு இல்ல, பழுப்பு.

கொஞ்ச நேரம் யோசித்தாள்,
ஒரு பாத்தியைப் பார்வையிடுகிறவள் மாதிரி.

சுத்தியும் ஏறிருக்குல்ல,
என்று சீட்டை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்தாள்.
மேட்டுப்பாளையம் பஸ் எத்தனை மணிக்கு சார்?